இரண்டாம் நோயை மறைக்க வேண்டாம்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஒரு நோயே போதாதா? இன்னொன்றையும் ஏன் தேட வேண்டும்?” அக்கேள்விக்குப் பின்னுள்ள களைப்பை நாங்கள் அறிவோம். ஆயினும், எச்.ஐ.வி.யின் போக்கைப் பல நேரங்களில் முடிவு செய்வது அதனுடன் சேர்ந்து வரும் இரண்டாம் நோயே. அதைத் தேடாமல் விடுவதும் மருத்துவரிடம் மறைப்பதும் எச்.ஐ.வி.க்குத் துணைபோவதாகும் என்பதே எங்கள் கருத்து.

முதலில் காசநோயைக் கருதுவோம். காசநோய்க் கிருமி நம் நாட்டில் பலருடைய உடலில் உறங்கிக் கிடக்கிறது. அவ்வாறு கிருமியைச் சுமப்போரில், எச்.ஐ.வி. இல்லாதவராயின், 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே அது வாழ்நாளில் நோயாக மாறுகிறது. எச்.ஐ.வி. சி.டி.4 வெள்ளணுக்களை அழிக்கும்போது இந்த இடர் பத்து மடங்குக்கும் மேலாக உயர்கிறது. காசநோயும் தன் பங்குக்கு எச்.ஐ.வி.யை வளர்க்கிறது. அதை எதிர்க்கக் கிளர்ந்தெழும் அணுக்களுக்குள்தான் எச்.ஐ.வி. விரைந்து பெருகுகிறது. உலகெங்கும் எச்.ஐ.வி. உள்ளோரின் உயிரிழப்புக்குக் காசநோயே முதன்மைக் காரணமாக இருந்து வருகிறது. 1928-இல் காசநோயாளருக்கெனத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம், பின்னாளில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் பெரிய மையமானது தற்செயலன்று.

எனவே, இரண்டு வாரம் இருமினால் பார்க்கலாம் என்னும் பொது அறிவுரை எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பொருந்தாது. எத்தனை நாள் இருமலாயினும், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும், உடனே சோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய் இல்லையென்று உறுதியானால், அது வராமல் காக்கும் ஐசோநியசிட் மாத்திரையை ஆறு மாதம் உட்கொள்ளலாம். “நோயே இல்லாதபோது மாத்திரை எதற்கு?” என்று அதை மறுப்போரை, மறுபடியும் சிந்திக்குமாறு வேண்டுகிறோம்.

மறைப்பதன் தீமை மருந்திலும் வெளிப்படும். காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தாகிய டோலூடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் அம்மருந்தை நாளுக்கு இருமுறை தர வேண்டியிருக்கும். ஒரு மருத்துவருக்கு மற்றொரு நோய் தெரியாவிடில் இதை யார் திருத்துவது? மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி-யின் நிலையும் இத்தகையதே. எச்.ஐ.வி.க்காக உண்ணும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அக்கிருமியையும் அடக்கி வைக்கின்றன. அவற்றைத் தாமாகவே நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படக்கூடும்.

அடுத்து, பேசுவதற்கே பலர் கூசும் பால்வினை நோய்கள். பிறப்புறுப்பில் தோன்றும் புண் எச்.ஐ.வி.க்குத் திறந்த வாயில்; அது வெளியேறவும் உட்புகவும் வழி தருகிறது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடந்து 1997-இல் வெளியான ஆய்வொன்று, எச்.ஐ.வி.யுடன் சிறுநீர்த்தாரை அழற்சியும் கொண்ட ஆண்களின் விந்துவில், அவ்வழற்சி இல்லாதவரைக் காட்டிலும் எட்டு மடங்கு கிருமி இருந்ததைக் கண்டது. அழற்சிக்கு மட்டும் மருந்து கொடுத்ததும் இரண்டே வாரத்தில் அந்த அளவு குறைந்தது. இரத்தத்தில் கிருமியின் அளவு ஏறாமலிருந்தும், பரவும் ஆற்றல் ஏறியிருந்தது என்பதே இதில் நாம் காணும் பாடம்.

இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஏ.ஆர்.டி. மருந்தைத் தவறாது உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் வழியே எச்.ஐ.வி. பரவுவதில்லை. ஐரோப்பாவில் பல ஆண்டுகள் இணையர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இடையே பால்வினை நோய் வந்தவர்களிடமும் இவ்வுண்மை நிலைத்தது. ஆயினும் அந்நோய்கள் அவரையும் இணையரையும் வருத்தாமல் விடா. ஆகவே இருவரும் ஒன்றாகச் சிகிச்சை பெறுதலே முறை.

“வெளியே தெரிந்தால் என்னாவது?” என்னும் அச்சம் பொய்யன்று. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அக்காப்பை மதிப்பது மருத்துவமனைகளின் கடமை. காசநோய்ப் பிரிவுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் நோயாளியைத் தனித்தனியே அலையவிடாமல், இரு சோதனைகளையும் ஒரே நாளில் முடித்துத் தருவதும் எங்கும் நடைமுறையாக வேண்டும்.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. அடுத்த முறை உடன் வரும்போது, “காசநோய்ச் சோதனை ஆயிற்றா? ஹெபடைடிஸ் சோதனை ஆயிற்றா?” என்று நீங்களே கேளுங்கள். எச்.ஐ.வி.யை அடக்கி வைக்க வாழ்நாள் முழுதும் மருந்து வேண்டும். காசநோயும் மேகப்புண்ணும் ஹெபடைடிஸ் சி-யும் முற்றிலும் குணமாகக்கூடியவை. குணப்படுத்தக்கூடிய நோய்க்கு ஓர் உயிரை இழப்பதினும் பெரிய இழப்பில்லை.