தளங்களுக்குக் கடமை இல்லையா?

யூடியூப், முகநூல் போன்ற இணையத் தளங்கள் தனியார் நிறுவனங்கள், பிறர் எழுதியதையும் படம்பிடித்ததையும் தாங்கி நிற்பதே அவற்றின் வேலை, ஆகவே இதழியலைக் காக்கும் சட்டக் கடமை எதையும் அவற்றின்மேல் சுமத்தக் கூடாது என்ற கருத்து இன்று பரவலாக நிலவுகிறது. சொந்த அச்சகமும் முகவர்களும் வழக்கறிஞரும் உள்ள பெருநகர நாளிதழை மனத்தில் கொண்டால் இக்கருத்து ஓரளவு பொருந்துவதுபோலத் தோன்றலாம். அவ்விதழுக்குத் தளம் பல வழிகளில் ஒன்றுதான். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு கைப்பேசியும் இருசக்கர வண்டியுமே முதலாகக் கொண்டு உள்ளூர்ச் செய்தி தருபவருக்குத் தளம் மட்டுமே வழி என்பதால், அங்கிருந்து பார்க்கையில் அக்கருத்தின் ஒவ்வொரு கூறும் தளர்ந்து போகிறது.

தளங்கள் வெறும் இடையீட்டாளர்கள் என்பது முதல் வாதம். பிறருடைய தகவலைப் பெற்று, வைத்திருந்து, கடத்தித் தருபவரையே 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இடையீட்டாளர் என்கிறது; அத்தகவலில் உள்ள குற்றத்துக்கு அவர் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று அதன் 79ஆம் பிரிவு விலக்களிக்கிறது. உரிய கவனத்துடன் நடந்துகொள்பவருக்கே அவ்விலக்கு உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த உரிய கவனம் யாது என்பதை அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2021ஆம் ஆண்டின் விதிகள் விரித்துரைக்கின்றன. கடமைக்கு ஈடாகப் பெற்ற சலுகையை அனுபவித்துக்கொண்டே கடமை கூடாது என்று வாதிடுவது முறையாகாது. மேலும், எந்தக் காணொளியை யாருக்கு முன்னால் வைப்பது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்று தன் கணக்கீட்டு முறையால் நாள்தோறும் தீர்மானிக்கும் ஒருவரைத் தபால்காரருக்கு ஒப்பிட இயலாது.

அடிப்படை உரிமைகள் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்பது இரண்டாவது வாதம். 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அரசமைப்பின் 19, 21ஆம் கூறுகள் தரும் உரிமைகளை அரசு அல்லாதோருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறியது. அதற்கு முன்பே, 2022இல் திருத்தப்பட்ட விதிகள், குடிமக்களுக்கு 14, 19, 21ஆம் கூறுகள் வழங்கும் உரிமைகளை இடையீட்டாளர் மதிக்க வேண்டும் என்று சேர்த்திருந்தன. இன்னும் பழைய சான்று சென்னை மாநிலத்திலேயே உண்டு. பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று அன்றைய சென்னை அரசு தடை விதித்தபோது, 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. அச்சிட விட்டுவிட்டுப் பரவ விடாமல் தடுத்தால் அச்சிடும் உரிமைக்கே பொருளில்லை என்பதே அத்தீர்ப்பின் உயிர்நாடி. அன்று பரவலுக்கான வாயில் அரசின் கையில் இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி தளங்களின் கையில் இருக்கிறது.

பயனர்களின் புகார்களைக் கேட்கத் தளங்களில் குறைதீர் அலுவலர் இருக்கிறாரே, வேறென்ன வேண்டும் என்ற மூன்றாவது வாதமே அதிகம் கேட்கப்படுவது; நிருபர்களுக்கு அதிகம் தீங்கு செய்வதும் அதுவே. 2024இல் இருந்த விதிகளின்படி புகாரைப் பெற்றதை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு 15 நாட்களுக்குள் தீர்க்க வேண்டியிருந்தது. அதன்பின் மத்திய அரசு அமைத்த மேல்முறையீட்டுக் குழு 30 நாட்களுக்குள் முடிவு காண முயல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது; டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. அந்தப் பாலத்தடியில் ஓடும் தண்ணீரைக் காட்டும் காணொளி அன்று காலையில் தவறாக நீக்கப்பட்டு, டிசம்பர் 17இல் திரும்ப வருமானால், விதி நிறைவேறியிருக்கும். ஆனால் அச்செய்தி யாருக்கும் பயன்பட்டிருக்காது. உள்ளூர்ச் செய்தியைப் பொறுத்தவரை காலமே உரிமை.

தவறாக நீக்கப்படுமா என்ற ஐயத்துக்கு விழுப்புரம் மாவட்டத்தின் செய்திகளே விடை. 1978இல் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டதையோ, திண்டிவனத்தை மையமாகக் கொண்டு இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் வெளிக்கொணரும் கொத்தடிமை முறையையோ சாதிப் பெயரின்றி எழுத முடியாது. வசைக்காக ஒருவர் சொன்ன சொல்லும், அவ்வசைக்கு எதிரான புகாரில் மேற்கோளாக வரும் அதே சொல்லும் சொற்களை மட்டும் எண்ணும் பொறிக்கு ஒன்றாகத் தெரியக்கூடும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்செய்தியின் படத்தில் சாராயப் பொட்டலமும் சடலமும் இடம்பெறாமல் இருந்திருக்க முடியாது. அப்படத்தைப் போதைப்பொருள் விளம்பரம் என்று பொறி முத்திரையிட்டால், அம்முத்திரையை அகற்றத் தமிழ் படிக்கத் தெரிந்த மனிதர் வேண்டும்.

யார் பத்திரிகையாளர் என்று எப்படிப் பிரிப்பது என்ற வினா நியாயமானது. 2025 ஆகஸ்ட் 8 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஐரோப்பிய ஊடகச் சுதந்திரச் சட்டம், ஆசிரியர் குழுவின் சுதந்திரம் முதலியவற்றைத் தாமே உறுதிமொழியாக அறிவிக்கும் ஊடகங்களுக்கு, உள்ளடக்கத்தை நிறுத்தும் முன் பெருந்தளங்கள் காரணம் கூறி, பதிலளிக்க 24 மணி நேரம் தர வேண்டும் என்கிறது. அது நிறுவனங்களுக்கு ஏற்றது. அடையாள அட்டை இல்லாத தாலுகா நிருபருக்குப் பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் பின்பற்றும் வழியே உகந்தது. அது ஆளைப் பார்க்காமல் செயலைப் பார்த்து, இதழியல் நோக்கில் ஆக்கப்பட்ட உள்ளடக்கத்துக்கு விரைவான தனி முறையீட்டு வழியைக் கோருகிறது.

கடமையை விதிக்கும் சாக்கில் அரசு தளங்களை ஆட்டிவைக்கும் என்ற அச்சமே எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். அதை அலட்சியம் செய்யக் கூடாது. 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்தை முன்னிட்டு விகடன் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. அச்சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கிய பின் தளத்தைத் திறக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று உத்தரவிட்டது. முன்னறிவிப்பும் காரணமும் இல்லாமல் வாயில் அடைக்கப்படுவதே அங்கும் கேடாக இருந்தது. இங்கே கோரப்படும் கடமையோ எதை வெளியிட வேண்டும் என்று தளத்துக்குக் கட்டளையிடுவது அன்று, அடைக்கும் முன் காரணம் சொல் என்பது மட்டுமே. அரசின் உத்தரவால் அடைக்கும்போதும் அக்காரணம் செய்தியாளருக்குத் தெரியவருமானால் அரசின் பிடி தளருமேயன்றி இறுகாது. செய்திக்குத் தளங்கள் பணம் தர வேண்டுமா என்ற விவாதம் வேறு. கனடாவில் அதை ஒட்டி, முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 2023இல் செய்திகளையே விலக்கிவிட்டதால், இரண்டையும் ஒரே சட்டத்தில் பிணைக்காமல் இருப்பது நல்லது.

காரணம் சொல்லும் கடமையை விதிக்க இந்தியாவில் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. 50 லட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்கள் உள்ள தளம் தானாக ஒன்றை நீக்கும் முன் காரணத்தை அறிவித்து, மறுத்துரைக்கப் போதிய வாய்ப்பும் தர வேண்டும் என்று 2021 விதிகளின் 4(8)ஆம் விதி ஏற்கெனவே கூறுகிறது. அம்மறுப்பை ‘நியாயமான காலத்துக்குள்’ தீர்க்கலாம் என்று அது விட்டுவைத்த இடத்தில் 24 மணி நேரம் என்று எழுத வேண்டும். நீக்காமலேயே பார்வையிலிருந்து மறைக்கும் செயலையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். இதழியல் உள்ளடக்கம் என்று முறையிடப்பட்டதை அம்மொழி அறிந்த ஒருவரே படித்துத் தீர்க்க வேண்டும் என்றும் சேர்க்க வேண்டும்.