கூலிக்கு ஒரு வரி எங்கே?



கருநாடக அரசுப் பள்ளிகளில் ‘மக்கள சந்தெ’ நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். (பழந்தமிழிலும் மக்கள் என்றால் பிள்ளைகள்தான்.) மைதானத்தில் சாக்கு விரித்து, நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள் கொத்தமல்லி, தேங்காய், கடலை விற்கிறார்கள். நிஜக் காசு கைமாறுகிறது. கரும்பலகையில் ஏறாத கணக்கு அன்று ஏறிவிடுகிறது. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம்.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன புதிது? கலாசிபாளையத்தில் மூட்டை தூக்குகிறவர் மகனும் தள்ளுவண்டிக்காரி மகளும் முக்கால் கிலோ விலையை மனக்கணக்காகவே சொல்வார்கள். தடுமாறுவது தாளில்தான். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் கொல்கத்தா, டில்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைச் சோதித்து, 2025-ல் ‘நேச்சர்’ இதழில் இதையே எழுதினார்கள். கடையில் சரியாகச் சொன்ன பிள்ளை, பாடப்புத்தக முறையில் கேட்டால் திணறுகிறது. பள்ளி மட்டுமே அறிந்த பிள்ளையோ கடைக்கணக்கில் திணறுகிறது.

ஆகவே தள்ளுவண்டிக்காரி மகளைப் பள்ளியிலும் காய் விற்க உட்கார வைப்பது பாடமாகாது. 1953-ல் ராஜாஜி, கிராமப் பள்ளியில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள் நம் பாட்டன்மார். 1954-ல் காமராசர் அதைக் கைவிட்டார். அவளிடம் கணக்கு நோட்டைக் கொடுங்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பையன் கூடை சுமக்கட்டும்.

எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. நான் பார்த்த தாள்களில் வாங்கிய விலை, விற்ற விலை, லாபம் என்று மூன்றே வரி. ரயில்வே சீட்டில் ஒவ்வொரு கட்டணமும் தனிக் கட்டத்தில் விழும். குமாஸ்தா புத்தி அதைத் தேடுகிறது. ஒரு தாய் தண்டல்காரரிடம் காலையில் 900 ரூபாய் வாங்கி, அதற்குச் சரக்கெடுத்து 1200-க்கு விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளித் தாள் 300 லாபம் என்கிறது. மாலையில் தண்டலுக்கு 1000 கட்ட வேண்டும். வட்டி 100 போயிற்று. வண்டி வாடகை 50, மூட்டை இறக்குகூலி 30. மிச்சம் 120. விடியற்காலை நாலு மணியிலிருந்து நின்றவளின் கூலி அது. அதற்குப் பெயர் லாபமா?

பள்ளியின் எஸ்.டி.எம்.சி. குழுவில் பெற்றோர்தான் உறுப்பினர்கள். நம்மவரும் பல இடங்களில் இருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அடுத்த சந்தைக்கு முன் அந்தத் தாளில் கூலி, வாடகை, வட்டி என்று மூன்று வரி கூட்டச் சொல்லுங்கள். கன்னடத்திலேயே கேளுங்கள், நம்மோடு மூட்டை தூக்கும் கன்னடத் தோழரின் பிள்ளைக்கும் அதே கணக்குத்தான்.