கோல்டு ஃபிஷ் முதுகில் வெள்ளைத் திட்டா? மருந்துக்கு முன்னால் நிழல்!

வாசலில் ஒரு சிமென்ட் தொட்டி, அதில் நாலைந்து கோல்டு ஃபிஷ். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான். கத்திரி வெயில் நாளில் ஒரு மீனின் முதுகில் திடீரென வெள்ளைத் திட்டு தெரியும். 'பூஞ்சை பிடிச்சிருச்சு' என்று நீல மருந்தை வாங்கி ஊற்றுவார்கள். ஆனாலும் மீன் தேறாது. காரணம், அது இன்னமும் அதே வெயிலில்தான் கிடக்கிறது.

ஆம், மீனுக்கும் வெயில் சுடும். நம் தோலின் மேலடுக்கு காய்ந்து இறந்த செல்களால் ஆனது. மீனுக்கு அந்தக் கவசம் கிடையாது. செதிலுக்கு மேலேயே உயிருள்ள செல்களும் வழவழப்பான சளிப்படலமும்தான் உண்டு. புற ஊதாக் கதிர் இதைச் சிதைத்தால், பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் தொற்றிக்கொள்ளும். கருமை நிறமி குறைந்த வெள்ளை, வெளிர் நிற மீன்களுக்கு ஆபத்து அதிகம்.

ஆழமில்லாத, தெளிந்த தண்ணீரில் கதிர் அடிவரை பாயும். தண்ணீர் சூடானால் சிக்கல் இரட்டிப்பாகும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். மூச்சு முட்டும் மீன் மேலே வரும், நேராக வெயிலில் முதுகைக் காட்டும்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இருப்பவர்களுக்கு வெயில் உடம்பில் உறைக்கும், உஷாராகிவிடலாம். கல்வராயன் மலையில் தண்ணீர் சில்லென்று இருந்தாலும் அசந்துவிடக் கூடாது. உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிரும் கூடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதுகு, தலை உச்சி, மேல்துடுப்பில் மட்டும் வெளுத்து, வயிறு சுத்தமாக இருந்தால் வெயில் காயமாக இருக்கலாம். உப்பைத் தூவியதுபோல உடலெங்கும் புள்ளிகள் இருந்தால் அது வெண்புள்ளி நோய். பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் பூஞ்சை. ஆண் மீனின் செவுள் மூடியில் மட்டும் சிறு வெண்புள்ளிகள் தெரிந்தால் பயம் வேண்டாம், அது இனப்பெருக்கப் பருவத்தின் அடையாளம்.

என்ன செய்யலாம்?

* தொட்டியின் பாதிக்குப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். வண்ணமீனுக்குப் பெயர்போன சென்னை கொளத்தூர் வட்டாரப் பண்ணைகளிலும் தொட்டிகளின் மேல் வலையைப் பார்க்கலாம்.
* அல்லி, ஆகாயத்தாமரை வளர்க்கலாம். ஆனால் முழுவதும் மூடிவிட வேண்டாம். வெளிச்சமே படாவிட்டால் மீனின் நிறம் மங்கும்.
* புதிதாகக் கட்டுவதாக இருந்தால் இரண்டரை, மூன்று அடி ஆழம் வையுங்கள்.
* காயம்பட்ட மீனை நிழலில், குளோரின் நீங்கிய தண்ணீரில் தனியாக விட்டு, ஏர் பம்ப் போடுங்கள். லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கல் உப்பு கரைக்கலாம். செடி இருக்கும் தொட்டியில் உப்பு வேண்டாம், செடி கருகிவிடும்.

நாலைந்து நாளில் திட்டு குறையாமல் பரவினாலோ, புண்ணாகிச் சிவந்தாலோ, பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோல்டு ஃபிஷுக்கு இமை கிடையாது. வெயில் கூசினாலும் கண்ணை மூட முடியாது. குளத்து மீனாக இருந்தால் ஆழத்துக்குப் போய் ஒதுங்கிக்கொள்ளும். தொட்டி மீனுக்கு நாம்தான் நிழல் தர வேண்டும்.