வெல்லப்படாத கோட்டையா பெத்ரோவரதின்?

செர்பியாவின் வடபகுதியில் டான்யூப் ஆற்றின் வலக்கரைப் பாறைமேல் எழுந்துள்ள பெத்ரோவரதின் கோட்டை, ‘டான்யூபின் ஜிப்ரால்டர்’ எனப் போற்றப்படுவதோடு, எவராலும் வெல்லப்படாதது என்றும், எதிர்க்கரையிலுள்ள நோவி சாத் நகருக்குக் காவலாக நின்றது என்றும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. இவ்விரு கூற்றுகளும் ஆய்வில் நிலைப்பவை அல்ல.

முதற்கூற்றை 1526ஆம் ஆண்டே பொய்யாக்குகிறது. அவ்வாண்டு ஜூலையில் இப்ராகிம் பாஷா தலைமையிலான ஒட்டோமான் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அது ஒட்டோமானியர் வசமே இருந்தது. அது பழைய கோட்டை, இன்றுள்ளது 1692இல் ஆஸ்திரியர் கட்டத் தொடங்கியது என்று மறுமொழி கூறுவோர் உண்டு. அது உண்மையே, 1694இல் வந்த ஒட்டோமான் முற்றுகையைப் புதிய கோட்டை தாங்கியதும் உண்மையே. எனினும், அதன் பெரும்புகழுக்குக் காரணமான 1716 ஆகஸ்ட் 5ஆம் நாள் வெற்றி மதிலுக்குள் இருந்து பெற்றதன்று. ஆஸ்திரியத் தளபதியான சவோய் இளவரசர் யூஜின் தம் படையை வெளிக்கொணர்ந்து போரிட்டுப் பெற்றதாகும். ஒட்டோமான் பெருவசீரான அலி பாஷா மடிந்ததும் அக்களத்திலேதான்.

கோட்டையால் நகர் பிறந்தது என்பதை ஓரளவு ஏற்கலாம். கோட்டைப் பக்கம் குடியிருக்க அனுமதிக்கப்படாத ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள், பெரும்பாலும் செர்பிய வணிகரும் கைவினைஞரும், 1694 முதல் இடக்கரையில் குடியேறினர். ஆனால் அவ்வூர் வளர்ந்தது, 1748இல் மரியா தெரசாவிடம் ‘சுதந்திர அரச நகர்’ என்னும் தன்னாட்சித் தகுதியைப் பெற்று, படைத்துறை ஆளுகையிலிருந்து விலகிய பின்னரே.

காவல் என்னும் கூற்றோ மிகவும் வலுவற்றது. கோட்டையின் மணிக்கூண்டில், தொலைவிலுள்ள படகோட்டிகளும் நேரம் அறியும்படி, நீண்ட முள் மணியையும் குறுமுள் நிமிடத்தையும் காட்டுகின்றன. அவ்வளவு தெளிவாக நகரை நோக்கி நிற்கும் அந்த உயரம் பீரங்கிகளுக்கும் வாய்ப்பாயிற்று. 1849 ஜூன் 12 அன்று, ஹாப்ஸ்பர்க் அரசுக்கு எதிராகக் கிளர்ந்த ஹங்கேரியப் படையே கோட்டையில் இருந்தது; எதிர்க்கரையில் புகுந்திருந்த, ஹாப்ஸ்பர்க் தரப்புத் தளபதி யெலாச்சிச்சின் படையை விரட்ட அது பொழிந்த குண்டுகளில் நகரின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்தன. அந்த யெலாச்சிச் பெத்ரோவரதினிலேயே பிறந்தவர் என்பது வரலாற்றின் விந்தை. நகரை அழித்த கோட்டையும் அதே ஆண்டு செப்டம்பரில் சரணடைந்தது.

இன்று நோவி சாத்தின் நடுப்பகுதியில் காணப்படும் பழங்கட்டடங்களில் பெரும்பாலானவை அந்தக் குண்டுவீச்சுக்குப் பின் எழுந்தவையே.