63 போட்டால் நிம்மதியா?

ரயில்வே எலக்ட்ரிகல் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு, இந்த ஜோலார்பேட்டையிலேயே ஒரு அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியில் தங்கிவிட்டவன் நான். போன மே மாதம், பழைய தகர டப்பாவையும் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளையும் கழற்றிவிட்டுப் புது டி.பி. பாக்ஸ் மாட்ட ஆள் கூப்பிட்டேன்.

வந்த தம்பி கெட்டிக்காரர். வேலை சுத்தம். ஆனால் மெயினுக்கு என்று பையிலிருந்து எடுத்தது 63 ஆம்பியர் பிரேக்கர்.

"எதுக்கு தம்பி இவ்வளவு பெருசு?"

"63 போட்டுட்டா டிரிப்பே ஆகாது சார். நிம்மதி."

இந்த நிம்மதியோடுதான் எனக்குச் சண்டை.

பிரேக்கர் காப்பது ஏ.சி.யை அல்ல, வயரை. கீழே மீட்டரிலிருந்து என் வீட்டுக்கு வருவது 4 சதுர மி.மீ. தாமிர வயர். சுவருக்குள் குழாயில் போகும்போது ஏறக்குறைய 25 ஆம்பியர் தாங்கும். நம்ம வேலூர்ப் பக்கத்து வெயிலில் அதுவும் குறையும். அதில் 50 ஓடினால் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 63 பிரேக்கருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. 91 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை அது பொறுத்திருக்கலாம், தரவிதியே அப்படித்தான். அதற்குள் வயரின் கதை முடிந்துவிடும்.

ஒவ்வொரு லைனுக்கும் தனியாகச் சின்ன பிரேக்கர் இருக்கிறதே என்பீர்கள். அவை அந்தந்த லைனைத்தான் காக்கும். எல்லாம் சேர்ந்து ஓடுவது மெயின் வயரில் அல்லவா?

நானும் யோக்கியன் இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று கம்பியை மூன்று இழையாக முறுக்கிக் கட்டினேன். படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ! ஒரு ராத்திரி கருகிய நாற்றம். எழுந்து பார்த்தால், சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் வயரின் தோல் உருகி வழிந்திருந்தது. ஃப்யூஸ் மட்டும் அப்படியே இருந்தது. போர்டுக்கு ஒரு முழம் தள்ளித் தொட்டிலில் என் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அந்த நாற்றம் மூக்கில் இருக்கிறது.

தம்பியை உட்காரவைத்துக் கணக்குப் போட்டோம். ஒன்றரை டன் ஏ.சி. 8, கீஸர் 9, இஸ்திரிப் பெட்டி 4, மிக்ஸி 3, ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாம் 3. ஆக 27 ஆம்பியர், அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால். ஜோலார்பேட்டை மே மாதத்தில் கீஸர் போடுகிறவன் யார்? 25 ஆம்பியர் டபுள் போல் மாட்டச் சொன்னேன். ஷாக்கிலிருந்து ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக. அது வேறு வேலை, இது வேறு வேலை.

இன்னொரு ஏ.சி. வேண்டுமா? தாராளமாக. முதலில் மின்வாரியத்தில் லோடு கூட்டி வாங்குங்கள். பிறகு தடித்த வயர் இழுங்கள். கடைசியில்தான் பெரிய பிரேக்கர். நாமோ கடைசியில் செய்வதை முதலில் செய்கிறோம், வயர் மாற்ற ஆகும் சில ஆயிரத்துக்குப் பயந்து.

டிரிப் ஆனால் எரிச்சல் வரும், உண்மைதான். ரயில் டிரைவருக்குச் சிவப்பு சிக்னல் விழுந்தாலும் எரிச்சல்தான். அதற்காகச் சிவப்புக் கண்ணாடிக்குப் பச்சைப் பெயின்ட் அடிப்பதில்லை.

உங்கள் வீட்டு மெயினில் என்ன எண் எழுதியிருக்கிறது? இன்றைக்கே ஒருமுறை பாருங்கள். அதற்கு வரும் வயர் என்ன சைஸ் என்றும் கேளுங்கள்.