முதல் பால்



கடலூர், சிதம்பரம் பகுதிகளில் வீடு சந்திக்கச் செல்கையில், பசு ஈன்ற இல்லங்களில் நமக்கும் சீம்பால் கிடைப்பதுண்டு. கன்று வயிறாரக் குடித்ததா என எண்ணுகிறோமா?

இங்கிலாந்து அறிஞர்கள் டாபிங், விடோசன் 1960-களில் எலிக்குட்டிகளை ஆராய்ந்தனர். பால்குடிப் பருவமாகிய முதல் 21 நாட்கள் அரைவயிறாய்க் கிடந்தவற்றிற்குப் பின்னர் நிறைய உணவளித்தும் மூளை முழு வளர்ச்சி எய்தவில்லை.

சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் குழுவினர் ஐதராபாத்தில் நடத்தி 1968-இல் வெளியிட்ட ஆய்வு, கடும் புரதக்குறை நோயினின்று பிழைத்த சிறுவர்கள் அறிவுத் தேர்வுகளில் பின்தங்கியதைக் காட்டியது.

குழந்தையின் மூளை விரைந்து வளர்வது கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலுமே. ஆகவே பெற்றோரே, தாயின் முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். கருவுற்ற மருமகளைக் கடைசியில் உண்ண வைக்காதீர்கள். பிள்ளையை மந்தமென்று அடிக்குமுன், அவன் தொட்டிலில் பசித்திருந்தானா என நம்மையே கேட்போம்.