‘எண்ணெய் சரியில்லை’ என்கிற மந்திரம்

போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் சொன்னார்: "பழைய போட்டு வாங்கினா பழைய வம்பும் கூடவேதான் வரும் சார். அதுக்காக டீலரோட சட்டையைப் பிடிக்கிறது நியாயமா?" மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தால் வாய் குழறும். அதனால் அங்கே பேசாமல் வந்துவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவரும் இதைப் படிப்பார் என்று தெரியும்.

விஷயம் இதுதான். எங்கள் தெருக்கோடியில், குப்பத்தை ஒட்டி இருக்கிற தம்பி ஒருவன் போன ஆவணியில் ஒரு பழைய பைபர் போட்டும் அதற்கு ஒரு அவுட்போர்டு மிஷினும் வாங்கினான். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற மிஷின். விற்றவர் சாதாரண ஆள் இல்லை, டீலர். புது மிஷின் விற்கிறவர். பழையதை எடுத்துக்கொண்டு சரிபார்த்து மறுபடி விற்கிறவர். ஒன்றே முக்கால் லட்சம். அதில் பாதி அவன் அக்காவின் நகை. நான் நச்சரித்ததால்தான் பில் வாங்கினான். பில்லில் கையால் எழுதியிருந்தது: பம்ப் கிட் புதுசு, கார்புரேட்டர் சர்வீஸ், ஆறு மாதம் வாரண்டி.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, விடியற்காலையில் எண்ணூருக்கு வெளியே மிஷின் நின்றுவிட்டது. காமராஜர் துறைமுகத்துக்குக் கப்பல் போய் வருகிற திசையில் போட்டு மெல்ல இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது. அந்தக் கடலில்தான் 2017 ஜனவரி 28 விடியற்காலையில் இரண்டு பெரிய கப்பல்களே மோதிக்கொண்டன. ரேடாரும் மாலுமியும் உள்ள கப்பல்களுக்கே அந்த நிலை என்றால், மிஷின் செத்த ஒரு பைபர் போட்டை இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்? மாமன் மகனுடைய போட்டு வந்து கயிறு போட்டு இழுத்து வந்தது. "பழைய வம்பு" என்று நண்பர் சொன்னது இதைத்தான்.

மறுநாள் டீலரிடம் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனான். அவர்கள் உள்ளே கொண்டுபோய், அரைமணி கழித்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் காட்டினார்கள். அடியில் தண்ணீர். "எண்ணெய் சரியில்லைப்பா. தண்ணி கலந்த எண்ணெய ஊத்தினா மிஷின் என்ன பண்ணும்? இதுக்கு வாரண்டி கிடையாது." அவ்வளவுதான். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தப் பாட்டிலில் இருந்தது எந்த டேங்கின் எண்ணெய்? இவன் கண்ணெதிரே எடுத்ததா? இல்லை. உள்ளே நடந்தது. இரண்டாவது கேள்வி அதைவிட முக்கியம். மிஷின் நின்றபோது என்ன நடந்தது என்று நான் அவனைத் துருவித் துருவிக் கேட்டேன். "ஐயா, பெட்ரோல் குழாய்ல ஒரு ரப்பர் பந்து இருக்கும்ல, அதை அமுக்கிக்கிட்டே இருந்தா ஓடுது. விட்டா நின்னுடுது" என்றான்.

இதைக் கேட்டவுடன் எனக்குப் பெரிதாக ஒன்றும் புரியவில்லை. நான் கோப்பு தள்ளிய குமாஸ்தா. காசிமேட்டில் லேத்துப் பட்டறை பக்கத்தில் உட்கார்ந்து மிஷின் பார்க்கிற ஒரு மேஸ்திரியிடம் போனோம். வட சென்னையில் இந்த மாதிரி ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில்தான் வண்டி செய்ய ஆரம்பித்தது, பின்னால் அசோக் லேலண்ட் ஆனது. அதைச் சுற்றி முளைத்த பட்டறைகளில் கை பழகிய இரண்டு மூன்று தலைமுறை இங்கே உண்டு. மேஸ்திரி மிஷினைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "எண்ணெயில தண்ணின்னா, பந்தை அமுக்கினாலும் தண்ணிதானே ஐயா போகும்? அமுக்கினா ஓடுதுன்னா எண்ணெய் நல்ல எண்ணெய். அது மிஷினுக்கு வந்து சேரலை. பம்ப்பு இழுக்கலை, இல்லாட்டி குழாய்ல காத்து பிடிக்குது." குழாயைப் பார்த்தார், விரிசல் இல்லை. பம்ப்பைக் கழற்றினார். உள்ளே இருந்த மெல்லிய தோல், டயாப்ரம் என்கிறார்கள், காய்ந்து விறைத்து ஓரத்தில் கிழிந்திருந்தது. புதுசு என்று பில் போட்ட பம்ப் கிட் அது! கிழிந்த தோலை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அலுவலகப் பழக்கம்.

இனி நண்பருக்கு வருகிறேன். பழைய பொருள் என்றால் விற்றவனுக்குப் பொறுப்பே இல்லை என்று யார் சொன்னது? 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. அந்தச் சரக்கையே வியாபாரம் செய்கிற ஒருவரிடம், இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குப் பொருள் தகுதியாக இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே உள்ள நிபந்தனை. மீன் பிடிக்கப் போகிற போட்டு, கடலில் ஓடவேண்டும். இதைத் தனியாக வேறு எழுதி வாங்க வேண்டுமா? பழசு என்றால் பெயிண்ட் போயிருக்கும், சத்தம் கூட இருக்கும், விலை குறையும். அதற்குத்தான் விலை குறைவு. மாற்றாத பாகத்தை மாற்றியதாக எழுதுவதற்கும் சேர்த்து விலை குறைக்கவில்லை.

நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு மீடியம். அந்தப் படிப்பால் சோறு கிடைக்கவில்லை என்று என் வீட்டம்மா அடிக்கடி சொல்வாள், உண்மைதான். ஆனால் அதனால் பிரெஞ்சுக்காரனின் கோட் சிவிலைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. அதில் 1641-ஆம் பிரிவில் ‘வீஸ் காஷே’ என்று ஒரு விஷயம் உண்டு. மறைந்திருக்கும் குறை என்று அர்த்தம். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத, தெரிந்திருந்தால் வாங்கியே இருக்கமாட்டோம் அல்லது இந்த விலைக்கு வாங்கியிருக்கமாட்டோம் என்கிற அளவுக்கான குறைக்கு விற்றவன் ஜவாப்தாரி. பழைய பொருளுக்கும் அது பொருந்தும். தொழிலாகவே விற்கிறவன் என்றால், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல அங்கே கோர்ட் விடுவதில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. பம்ப்புக்குள்ளே இருக்கிற தோலை வாங்குகிறவன் பார்க்கமுடியாது. கழற்றி மாட்டினேன் என்று பில் போட்டவர் பார்த்திருக்க வேண்டும்.

டீலர் தரப்பில் இன்னொரு வாதமும் வைத்தார்கள். "இது தொழிலுக்கு வாங்கினது. நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது." இதைச் சொல்லியே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்களோ. 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று இருப்பது உண்மை. அடுத்த வரியில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்தினால் அது வியாபார நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. அந்த அடுத்த வரியை யாரும் படித்துக் காட்டுவதில்லை. 1995-லேயே சுப்ரீம் கோர்ட், கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் இதை உடைத்துச் சொல்லிவிட்டது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர், தானே வேலை செய்ய லேத்து வாங்கியவர், எல்லாரும் நுகர்வோர்தான். ஒத்தாசைக்கு ஓரிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். தானும் தம்பியுமாகக் கடலுக்குப் போகிறவன் ஆட்டோக்காரருக்கு எந்த வகையில் குறைந்தவன்? வட சென்னைக்கென்றே மாவட்ட ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெயில் குறையே வராது என்று நான் சொல்லவில்லை. வரும், நிறைய வரும். டேங்கை அரைகுறையாக வைத்தால் இரவுக் குளிரில் உள்பக்கம் வியர்த்துத் தண்ணீர் இறங்கும். கேன் மூடி சரியில்லை என்றால் கடல் தண்ணீர் தெறிக்கும். டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கினால் கறுப்பாக ஒரு பாசி வளர்ந்து பில்டரை அடைக்கும். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் சும்மா நிற்கும்போது டேங்கைக் கவனிக்காதவர்கள், ஜூன் 15 அன்று படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023-ல் அறிமுகமாகி, இன்றைக்கு எந்த பங்க்குக்குப் போனாலும் அதுதான். கரும்பு விவசாயிக்கு நல்லது, இறக்குமதி குறைகிறது என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் எத்தனால் தண்ணீரை இழுக்கிற சாமான். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய ரப்பர் குழாய், பழைய தோல் எல்லாவற்றையும் கெடுக்கும். வெளிநாட்டு அவுட்போர்டு கையேடுகள் பலவற்றில் 10 சதவீதம் வரை என்றுதான் போட்டிருக்கும். உப்புக்காற்றில் ஊறிக்கிடக்கிற போட்டைப் பற்றி இந்தக் கலப்பை முடிவு செய்தவர்கள் ஒரு நிமிஷமாவது நினைத்தார்களா? அது அரசாங்கத்தைக் கேட்கவேண்டிய கேள்வி. டீலரைக் கேட்கவேண்டியது வேறு. இந்தப் பெட்ரோல்தான் ஊரில் கிடைக்கிறது என்று தெரிந்தே பழைய மிஷினை விற்கிறாரே, அதைத் தாங்குகிற குழாயும் தோலும் போட்டுக் கொடுப்பது அவர் வேலையா, கடலுக்குப் போகிறவன் வேலையா?

எங்கள் ஆட்கள் பக்கமும் தப்பு உண்டு. மண்ணெண்ணெயில் ஓடுகிற மிஷினை நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிடவேண்டும். கரை தெரிந்ததும் அந்த அவசரத்தில் பாதிப்பேர் செய்வதில்லை, மறுநாள் பிளக் கறுத்துக் கிடக்கிறது. டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். பில் கேட்டால் விலை ஏறும் என்று துண்டுச்சீட்டில் வாங்குகிறார்கள். போட்டின் பதிவைப் பெயர் மாற்றாமலே ஓட்டுகிறார்கள். பிறகு மானிய எண்ணெய்க்குப் பழைய முதலாளியின் வாசலில் போய் நிற்கிறார்கள். 2023-ல் நாட்டுப்படகுக்கு வருஷத்துக்கு வரிவிலக்கு டீசல் 4,000 லிட்டரிலிருந்து 4,400 என்று உயர்த்தி அறிவித்தார்களே, பெயர் மாற்றாதவனுக்கு அதில் ஒரு சொட்டு உரிமை உண்டா?

இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரமே கறுத்துப்போனது. 787 போட்டுகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் கொடுத்தது அரசு. அந்த எண்ணெயில் நாள்கணக்கில் ஊறிய போட்டும் மிஷினும் கழுவிப் பெயிண்ட் அடித்துச் சந்தைக்கு வந்தால், வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? விற்கிறவர் சொன்னால்தான் உண்டு.

சரி, நம் தம்பி கதை. அவனோடு நானும் டீலர் கடைக்குப் போனேன். சண்டை போடவில்லை. "எண்ணெயில் தண்ணீர் இருந்ததால் வாரண்டி இல்லை என்று உங்கள் லெட்டர்ஹெட்டில் எழுதி, எந்த டேங்கிலிருந்து எப்போது எடுத்த எண்ணெய் என்றும் குறிப்பிட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றேன். "நாங்க எழுதியெல்லாம் கொடுக்கிறதில்ல சார்" என்றார் மேனேஜர். ஏன்? எழுதினால் அது உண்மையாக இருக்கவேண்டும். பில்லில் ‘பம்ப் கிட் புதுசு’ என்று எழுதும்போது மட்டும் பேனா நன்றாகவே ஓடியது.

வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்தில் கடிதம் தட்டினேன். தேதி, தொகை, பில் எண், கழற்றிய தோல், மேஸ்திரி கையெழுத்து, பதினைந்து நாள் கெடு. ஒப்புகையோடு தபாலில் அனுப்பினோம். மேஸ்திரி புதுத் தோல் போட்டுக் கொடுத்து, கூலியோடு எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், மிஷின் ஓடுகிறது.

பதினொன்றாம் நாள் டீலர் கடையிலிருந்து பையனுக்கு போன். செலவானதைக் கொடுத்துவிடுகிறோம், போனதில் ஒருநாள் மீனுக்கும் ஏதாவது பார்த்துச் செய்கிறோம், பெரியவரை விட்டு லெட்டர் எல்லாம் போட வேண்டாம் என்று. "வாங்கிக்கவா ஐயா?" என்று வந்து கேட்டான். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள் என்றேன். இதை எழுதுகிற வரைக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. புகார் மனு என் மேஜை மேல் தயாராக இருக்கிறது, இணைப்புகளுக்கு நகல் எடுப்பதுதான் பாக்கி.